மருந்து ஏற்றாத துணி

போட்ஸ்வானா, ஆற்றங்கரை லாட்ஜ்
12 மே 2005

மச்சான் கௌஸ் முகம்மதுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் இங்கே வந்து பதினெட்டு நாளாகிறது. டெலிபோன் கிடையாது. மேனேஜர் அறையில் ஒரு சாட்டிலைட் போன் இருக்கிறது, அதை விருந்தினர்கள் மட்டுமே தொடலாம். வியாழக்கிழமை ஒரு சின்ன விமானம் வருகிறது. லாட்ஜ் கம்பெனியின் துபாய் ஆபீஸ் தபால் பை அதில் வந்து போகிறது. இந்தக் கடிதத்தையும் அதில்தான் போடப்போகிறேன். உங்கள் தங்கை ஹபீபுன்னிசாவிடம் நான் சுகமாக இருப்பதாகச் சொல்லுங்கள். எட்டாவது மாதத்தில் அவளை விட்டுவிட்டு இப்படிக் காட்டுக்குள் வந்து கிடப்பதில் எனக்கு வருத்தம்தான். கடையில் மூன்று தையல் மாஸ்டர்கள் இருக்கும்போது என்னை ஏன் அனுப்பினீர்கள் என்று இன்னும் புரியவில்லை.

லாட்ஜ் என்றதும் நம்மூர் பஸ் ஸ்டாண்ட் எதிரில் இருக்கும் லாட்ஜ் ஞாபகத்துக்கு வந்தால் அதை மறந்துவிடுங்கள். இது ஆற்றங்கரையில் பன்னிரண்டு கூடாரம். ஒவ்வொன்றும் சத்வாவில் நம் கடையையும் பக்கத்து சலூனையும் சேர்த்த அளவு. மரத்தளம், பெரிய கட்டில், பித்தளைக் குளியல் தொட்டி. தொட்டியில் படுத்துக்கொண்டே யானைகள் ஆற்றைக் கடப்பதைப் பார்க்கலாம். இதற்கும் கேம்ப் என்றுதான் பெயர். சோனாப்பூரில் ஒரே ரூமில் பன்னிரண்டு பேர் படுத்திருந்தோமே, அதுவும் கேம்ப்தான்.

லாண்டரியில் வேலை செய்யும் லெசேகோ என்ற பெண்ணை எனக்கு உதவிக்குத் தந்திருக்கிறார்கள். முப்பது வயதிருக்கும். இரண்டாவது மெஷினில் உட்கார்ந்து மூன்றே நாளில் துணி ஓரத்துக்குப் பைப்பிங் தைக்கப் பழகிவிட்டாள். அரைகுறை இங்கிலீஷில் பேசிக்கொள்கிறோம். என்னை "ரா" என்று கூப்பிடுகிறாள். இங்கே ஐயா என்று சொல்வது அப்படித்தானாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கூடாரத்துக்குள் அரபிகள் விருந்தினரை உட்காரவைக்கும் மஜ்லிஸ் மாதிரி உச்சியிலிருந்து துணி தொங்கவேண்டும் என்று துபாய் முதலாளி ஆசைப்பட்டதால்தான் இந்த ஆர்டர் நமக்குக் கிடைத்தது. தீப்பிடிக்காத மருந்து ஏற்றிய துணியாக இருக்கவேண்டும் என்பது ஒப்பந்தம். முதல் நான்கு பேல்கள் சரியான துணி. மிச்சப் பேல்களைப் பிரித்து வெட்டும்போது கத்தரி சல்லென்று ஓடியது. மருந்துத் துணி அப்படி ஓடாது. வாசனையும் வேறு. ஒரு துண்டை ஆற்றோரம் கொண்டுபோய்த் தீக்குச்சி வைத்தேன். விரலைச் சுட்டுவிட்டது. முத்திரை போட்ட சாம்பிள் துண்டிலும் வைத்துப் பார்த்தேன். அது கருகி அணைந்தது.

பேல் மாறி வந்திருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே ராத்திரியில் கரண்ட் கிடையாது, எல்லாம் அரிக்கேன் விளக்குதான். சரியான துணியை அனுப்புங்கள். அதுவரை கட்டாமல் வைத்திருக்கிறேன்.

உங்கள் மச்சான்
செய்கு அலாவுதீன்


சத்வா, துபாய்
23 மே 2005

மாப்பிள்ளைக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். கடிதம் நேற்று வந்தது. கவரைப் பிரித்து மறுபடி ஒட்டியது போல இருந்தது. இந்த மாதிரி விஷயங்களை இனி ஆபீஸ் பையில் போடாதீர்கள். விமானக்காரனிடம் கொடுத்து மவுன் டவுனில் ஸ்டாம்ப் ஒட்டி, கடையின் போஸ்ட் பாக்ஸுக்கு அனுப்புங்கள்.

பேல் மாறவில்லை. கொரியாவிலிருந்து வரவேண்டிய துணி ஆறு வாரம் தாமதம். ஜூன் பத்தாம் தேதி முதலாளியே குடும்பத்தோடு அங்கே வருகிறார். அன்றைக்குள் முடியாவிட்டால் அவருடைய அடுத்த வேலை, பாலைவனத்தில் கட்டுகிறாரே பெரிய ரிசார்ட், அது கராமாவில் இருக்கும் கராச்சிக்காரன் கைக்குப் போய்விடும். நாயிஃப் மார்க்கெட்டில் அதே நிறத்தில், அதே நெசவில் துணி கிடைத்தது. வாங்கி அனுப்பினேன். முதலாளி கண்ணுக்கே வித்தியாசம் தெரியாது. நீங்கள் தொழில் தெரிந்தவர், அதனால் தெரிந்துவிட்டது.

ரமலானில், கல்யாணத்தில் எத்தனை மஜ்லிஸ் கூடாரம் கட்டியிருப்போம்? எல்லாம் சாதாரணத் துணிதானே, எது எரிந்தது? கட்டுங்கள். நான் பொறுப்பு.

உங்களை ஏன் அனுப்பினேன் என்று கேட்டிருந்தீர்கள். வேறு மாஸ்டராக இருந்தால் இந்தத் துணியைக் கொண்டுபோய் மேனேஜரிடம் காட்டியிருப்பான். நீங்கள் எனக்கு எழுதினீர்கள். அதற்காகத்தான். சோனாப்பூர் கேம்பிலிருந்து உங்களை வெளியே எடுத்தது யார், தங்கையைக் கொடுத்தது யார் என்றெல்லாம் சொல்லிக்காட்டுகிற ஆள் நான் இல்லை.

ஹபீபு நன்றாக இருக்கிறாள். இதெல்லாம் அவள் காதுக்குப் போகவேண்டாம்.

கௌஸ் முகம்மது


லாட்ஜ்
14 ஜூன் 2005

மச்சானுக்கு,

வேலை முடிந்தது. பன்னிரண்டு கூடாரத்திலும் துணி ஏற்றிவிட்டேன். முதலாளி வந்து பார்த்தார். அண்ணாந்து உச்சியையே பார்த்துக்கொண்டு நின்றவர், "மாஷா அல்லாஹ், எங்கள் வீட்டு மஜ்லிஸ் போலவே இருக்கிறது" என்று என் தோளில் தட்டினார். நீங்கள் கேட்க ஆசைப்பட்டது இதுதான். எழுதிவிட்டேன்.

நான் செய்த இன்னொன்றையும் எழுதுகிறேன். விளக்கு மாட்டும் கொக்கிகள், அதே துணியில் தைத்த திரைச்சீலைக்குப் பக்கத்தில் இருந்தன. நல்ல துணி கட்டிய நான்கை விட்டுவிட்டு மற்ற எட்டுக் கூடாரத்திலும் கொக்கியை இரண்டு சாண் தள்ளி அடித்தேன். லெசேகோ சுத்தியலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் ரா, இந்த எட்டுல மட்டும் தள்ளி அடிக்கிறீங்க?"

"பாக்க அழகா இருக்கும்" என்றேன்.

அவள் நம்பவில்லை. ஆனால் அடுத்த கொக்கியை எடுத்து நீட்டினாள். மாலையில் கூடாரம் கூடாரமாகப் போய் விளக்கு ஏற்றுகிறவள் அவள்தான்.

இரண்டு நாளில் மேனேஜர் வந்தார். விளம்பரப் புத்தகத்துக்குப் போட்டோ எடுக்கிறார்களாம். வெளிச்சம் துணியில் விழவில்லையாம். கொக்கிகளைப் பழைய இடத்துக்கே மாற்றச் சொன்னார். ஏன் தள்ளி வைத்தேன் என்று அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவர் கேட்கவில்லை. நானே கழற்றி நானே பழைய இடத்தில் அடித்தேன்.

என்னை ஊருக்கு அனுப்புங்கள். பிரசவத்துக்கு நான் பக்கத்தில் இருக்கவேண்டும். கொரியாத் துணி வந்ததும் யாரையாவது அனுப்பி எட்டையும் மாற்றிவிடுங்கள்.

அலாவுதீன்


சத்வா
30 ஜூன் 2005

மாப்பிள்ளைக்கு,

அல்ஹம்துலில்லாஹ். இருபத்தாறாம் தேதி காலை ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். அப்ஸானா என்று பெயர் வைத்திருக்கிறோம். மூக்கு உங்கள் மூக்காம், ஹபீபு போனில் சொல்லிச் சிரித்தாள். கடை முழுக்க லட்டு கொடுத்தேன்.

ரிசார்ட் வேலை நமக்கே கிடைத்துவிட்டது. முதலாளி என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்காரவைத்து கஹ்வா காப்பி கொடுத்தார். இருபது வருஷமாக அந்த ஆபீஸ் வாசலில் நின்றிருக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. உங்கள் கைவேலைதான் காரணம், மறுக்கவில்லை.

அக்டோபர் வரை நீங்கள் அங்கேயே இருக்கவேண்டும். கிழிசல் தைக்க, அழுக்கானதைக் கழற்றி மாட்ட ஆள் வேண்டும் என்று மேனேஜர் கேட்டிருக்கிறார். கொரியாத் துணி ஜெபல் அலி துறைமுகத்துக்கு வந்துவிட்டது. இப்போது அதை அங்கே அனுப்பினால் எதற்கு என்று கேட்பார்கள், தப்பை நாமே போய் ஒப்புக்கொண்டது போல ஆகும். அதனால் ரிசார்ட்டுக்கு வைத்துக்கொண்டேன். சீசன் முடியட்டும், துவைக்கக் கழற்றும்போது சத்தமில்லாமல் மாற்றிவிடலாம். கொஞ்சம் பொறுங்கள்.

கௌஸ் முகம்மது


மவுன்
4 ஆகஸ்ட் 2005

மச்சானுக்கு,

ஜூலை இருபத்தெட்டாம் தேதி மாலை ஏழாவது கூடாரம் எரிந்தது.

இங்கே இப்போது குளிர்காலம். விருந்தினர்கள் ஜீப்பில் சூரிய அஸ்தமனம் பார்க்கப் போயிருந்தார்கள். அவர்கள் திரும்புவதற்குள் மெத்தையில் வெந்நீர்ப் பை வைத்து விளக்கு ஏற்றவேண்டும். லெசேகோ உள்ளே இருந்தாள். காற்று அடித்தது. திரைச்சீலை விளக்கில் பட்டிருக்கவேண்டும். அவள் வெளியே ஓடியிருக்கலாம். துணியை இழுத்துக் கீழே போட்டு அணைக்கப் பார்த்திருக்கிறாள். அவளும் சேர்ந்து தைத்த துணி அல்லவா? உச்சித் துணி மொத்தமும் எரிந்தபடி அவள் மேல் விழுந்தது. நான் லாண்டரிப் பக்கம் இருந்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் சமையல்காரர்கள் ஈரக் கம்பளியைப் போட்டு அவளை வெளியே இழுத்திருந்தார்கள். என் கையிலும் பட்டது, பெரிதாக ஒன்றுமில்லை.

விமானத்தில் அவளை மவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். நானும் கூட வந்தேன். இரண்டு நாள் உயிரோடு இருந்தாள். பேச்சு தெளிவாகத்தான் இருந்தது.

"ரா, விளக்க நான் கொக்கியிலதான் மாட்டினேன். சரியாத்தான் மாட்டினேன். எம்மேல தப்புன்னு சொல்லுவாங்களா?"

"சொல்ல மாட்டாங்க. உம்மேல தப்பு இல்ல."

"அப்ப யார் மேல?"

தண்ணீர் கேட்டாள், ஸ்பூனில் கொடுத்தேன். முப்பதாம் தேதி மத்தியானம் போய்விட்டாள். அவளுக்குத் தாய் மட்டும்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிராமத்திலிருந்து பாதித் தூரம் நடந்தும் பாதித் தூரம் லாரியிலும் வந்து சேர்ந்தபோது நேரம் கடந்துவிட்டது.

போலீஸ் வந்திருக்கிறது. மிச்சமுள்ள கூடாரங்களிலிருந்து துணியை வெட்டி எடுத்துப் போயிருக்கிறார்கள். என் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். என்னிடம் கேட்டால் என்ன சொல்வது, மச்சான்? நான் பொறுப்பு என்று எழுதினீர்களே. இப்போது சொல்லுங்கள்.

அலாவுதீன்


சத்வா
16 ஆகஸ்ட் 2005

மாப்பிள்ளைக்கு,

இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். அந்தப் பெண்ணுக்காக நான் துஆ செய்யாத தொழுகை இல்லை. எனக்கும் தங்கை இருக்கிறாள்.

ஆனால் இப்போது நிதானமாக இருக்கவேண்டும். கம்பெனி பி.ஆர்.ஓ. கலீல் ரஹ்மான் அங்கே வருகிறார். நம் பெரியபட்டினத்துக்காரர்தான். டைப் அடித்த ஒரு பேப்பர் கொண்டுவருவார். விளக்கைக் கொக்கியில் மாட்டாமல் திரைச்சீலை ஓரத்தில் அவள் தரையில் வைத்ததை நீங்கள் பார்த்ததாக அதில் ஒரு வரி இருக்கும். கையெழுத்துப் போடுங்கள். துணி பற்றிக் கேட்டால், துபாயிலிருந்து வந்ததைக் கட்டினேன், வேறு எதுவும் தெரியாது என்று சொல்லுங்கள். என் கடிதங்களை எரித்துவிடுங்கள். உங்கள் கடிதங்களை நான் எரித்துவிட்டேன்.

அவள் இறந்துவிட்டாள். அந்த ஒரு வரி இனிமேல் அவளை என்ன செய்துவிடும்? உயிரோடு இருக்கிறவர்களைப் பாருங்கள். கடையில் ஒன்பது பேர். ஹபீபு, அப்ஸானா.

நாயிஃபில் அந்தத் துணியை வாங்கிய அன்றே, கடைக்குப் பின்னால் வைத்து நானும் கொளுத்திப் பார்த்தேன்தான். பார்க்காமல் அனுப்பினேன் என்றா நினைத்தாய்? எரிந்தது. தெரிந்துதான் அனுப்பினேன். நீ தெரிந்துதான் கட்டினாய். உனக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? போலீஸிடம் நீ வாயைத் திறந்தால் முதலில் மாட்டுகிறவன் நீதான். அதற்கப்புறம் கீழக்கரைக்கு வந்து என் தங்கை வீட்டு வாசலில் நிற்கலாம் என்று கனவு காணாதே. வீடு அவள் பெயரில் இருக்கிறது. கட்டியவன் நான்.

கோபத்தில் எழுதிவிட்டேன். கிழித்துவிட்டு வேறு எழுத நேரமில்லை, தபால் எடுக்கிற நேரமாகிவிட்டது. கையெழுத்தைப் போடுங்கள், மாப்பிள்ளை.

கௌஸ்


மவுன்
6 செப்டம்பர் 2005

மச்சானுக்கு,

கலீல் ரஹ்மான் வந்தார். நல்ல மனிதர், எனக்கென்று ஊறுகாய் பாட்டில் கொண்டுவந்திருந்தார். ஹோட்டல் வராந்தாவில் உட்கார்ந்து பேப்பரை நீட்டினார்.

"தம்பி, கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு ஊருக்குப் போங்க. இன்னும் புள்ள முகத்தப் பாக்கலையாமே?"

"இதுல நான் போட்டா அந்தப் பொண்ணோட தாய்க்கு என்ன கிடைக்கும் பாய்?"

"அவ கவனக்கொறவுன்னு ஆயிட்டா கம்பெனி ஒண்ணும் குடுக்க வேண்டியதில்ல. நான் பொய் சொல்ல மாட்டேன்."

"அப்ப வேணாம்."

"உங்க மச்சான் கதி?"

நான் பேப்பரைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதிகம் வற்புறுத்தவில்லை. போகும்போது ஊறுகாயை வைத்துவிட்டுப் போனார்.

அந்த ஒரு வரி அவளை என்ன செய்யும் என்று கேட்டிருந்தீர்கள். தன் மேல் தப்பு சொல்வார்களா என்றுதான் சாகிற நிலையிலும் அவள் கேட்டாள்.

உங்கள் மூன்று கடிதங்களையும் போலீஸில் கொடுத்துவிட்டேன். தமிழ் படிக்க அங்கே ஆள் இல்லை. ஆஸ்பத்திரியில் நளினி என்று யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் இருக்கிறார். அவரை அழைத்து வந்தார்கள். அவர் முதலில் தனக்குள் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதை நான் வாசிக்கத்தான் வேணுமோ? வாசிச்சா நீங்களும் மாட்டுப்படுவியள்."

"வாசிங்க டாக்டர்."

ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் சொன்னார். கொக்கியை நான் தள்ளி அடித்ததையும், திரும்ப மாற்றியதையும், அவளிடம் பொய் சொன்னதையும் நானே சொன்னேன். அது உங்கள் கடிதங்களில் இல்லை. என்னைக் காவலில் வைத்திருக்கிறார்கள். எழுதுவதானால் ஆஸ்பத்திரி விலாசம் போட்டு டாக்டர் நளினி மூலம் எழுதுங்கள்.

அலாவுதீன்


சத்வா
22 அக்டோபர் 2005

அலாவுதீனுக்கு,

நோன்பு வைத்துக்கொண்டு எழுதுகிறேன், அதனால் வார்த்தையை அளந்து எழுதுகிறேன்.

கடை போய்விட்டது. கம்பெனி ரிசார்ட் வேலையைப் பிடுங்கி என் மேல் கேஸ் போட்டிருக்கிறது. கடைக்கு ஸ்பான்சராக இருந்த கஃபீல் லைசென்ஸை ரத்து செய்துவிட்டார். என் பாஸ்போர்ட் கோர்ட்டில் இருக்கிறது, ஊருக்கும் போகமுடியாது. கராமாவில் அந்தக் கராச்சிக்காரன் கடையில் கட்டிங் டேபிளில் நிற்கிறேன். அவன் என்னை "கௌஸ் பாய், ஜல்தி" என்கிறான். உனக்குத் திருப்தியா?

நீ என்னைக் காட்டிக்கொடுத்ததை ஹபீபுவிடம் நானே போனில் சொன்னேன். உன்னைத் திட்டித் தீர்ப்பாள் என்றுதான் சொன்னேன். அவள் அழவில்லை, அண்ணன் என்னையே கேள்வி கேட்டாள்.

"காக்கா, அந்தத் துணி எரியும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அவுகளுக்கு?"

"அவனுக்கும் தெரியும்."

"செத்துப்போன பொண்ணுக்குத் தெரியுமா?"

நான் பேச்சை மாற்றி அப்ஸானாவைப் பற்றிக் கேட்டேன். "அவளுக்கு மட்டும் தெரியாது, இல்ல?" என்றாள். போனை வைத்துவிட்டாள். நான் கட்டிய வீட்டில் இப்போது என் போனை எடுப்பதில்லை. உன்னைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதையும் தெரிந்துகொள்.

நீ உண்மையைச் சொன்னவன் என்று அங்கே நினைத்துக்கொண்டிருப்பாய். எப்போது சொன்னாய்? அவள் செத்த பிறகு. உயிரோடு இருந்தபோது இரண்டு மாதத்துக்கு மேல் உன் பக்கத்து மெஷினில்தானே உட்கார்ந்திருந்தாள். கையை நீட்டினால் தொடுகிற தூரம். நான் மூவாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தேன். நான் அவள் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

கௌஸ் முகம்மது


மவுன்
24 நவம்பர் 2005

மச்சானுக்கு,

இதுதான் நான் உங்களுக்கு எழுதும் கடைசிக் கடிதம்.

நீங்கள் எழுதியது அத்தனையும் சரி. பதில் தேடி இந்த ஒரு மாதம் உள்ளேயே உட்கார்ந்து யோசித்தேன். கோர்ட்டில் நீதிபதி கேட்டதும் அதையேதான்: "அந்தப் பெண்ணிடம் ஏன் சொல்லவில்லை?" மச்சானுக்குப் பயந்தேன் என்றேன். மொழிபெயர்க்க வந்தவர் ஒரு ஹிந்திக்காரர், அவருக்கு மச்சான் என்பது புரியவில்லை. மனைவியின் அண்ணன் என்று சொல்லி விளக்கவேண்டியதாயிற்று. நீதிபதி அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

உள்ளே இருந்த நாட்களையே தண்டனையாகக் கழித்துக்கொண்டு, நாட்டை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். லெசேகோ மேல் தப்பில்லை என்று தீர்ப்பில் எழுதியிருக்கிறது. அவள் தாய்க்கு உரியதைக் கம்பெனி கொடுக்கவேண்டும் என்றும் இருக்கிறது. லாட்ஜ் மறுபடி திறந்துவிட்டார்கள். உச்சித் துணி எதுவும் இல்லாமல் வெறும் கேன்வாஸோடு. விருந்தினர்களுக்கு அதுதான் பிடித்திருக்கிறதாம்.

துபாய் வழியாக டிக்கெட் போட்டிருந்தார்கள். நான் கேட்டு பம்பாய் வழியாக மாற்றிக்கொண்டேன். கீழக்கரைக்குத்தான் போகிறேன். ஹபீபுன்னிசா கதவைத் திறந்தால் பிள்ளையைப் பார்ப்பேன். திறக்காவிட்டால் அவளிடம் கோபித்துக்கொள்ள எனக்கு எந்த முகமும் இல்லை.

நேற்று லெசேகோவின் கிராமத்துக்குப் போனேன். டாக்டர் நளினி தன் டிரைவரோடு வண்டியை அனுப்பியிருந்தார். வீட்டு முற்றத்தில் நாற்காலி போட்டு அவள் தாய் உட்கார்ந்திருந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டேன். டிரைவர் அதைச் சொன்னான். அவர் கேட்டுக்கொண்டார், மன்னித்ததாகச் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு நோட்டுத்தாளும் பேனாவும் எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். டிரைவர் சொன்னான்: "துணி எரியும்னு தெரிஞ்சவங்க பேரை எழுதிக் கொடுக்கணுமாம். அவங்களுக்குப் படிக்கத் தெரியாது. ஆனா வச்சுக்கணுமாம்."

இங்கிலீஷ் எழுத்தில் இரண்டு பெயர் எழுதினேன். முதலில் என் பெயர், அதற்குக் கீழே உங்கள் பெயர். தாளை வாங்கி, இரண்டு வரியையும் விரலால் தடவி, எது யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

செய்கு அலாவுதீன்